கொடைக்கானலுக்கும் இ-பாஸ் ரத்தானதா? பரவும் தகவலின் உண்மை

"2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாடு முழுவதும் கொரோனா கால இ-பாஸ் (இணையவழிப் பயண அனுமதி) ரத்தாகிவிட்டது; அதற்குப் பிறகும் மலையூர்க்காரர்கள் சென்னைக்காரர்களைத் தடுத்தது வெறும் வன்மம்" என்ற தகவல் வண்ணாரப்பேட்டை, காசிமேடு வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றிவருகிறது. இதில் பாதிதான் உண்மை. மாவட்டங்களுக்கு இடையிலான பயணத்துக்கு அன்று இ-பாஸ் விலக்கப்பட்டது சரிதான். ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய சுற்றுலா இடங்களுக்குச் செல்வோர் ஆட்சியரின் அனுமதியுடன் இ-பாஸ் பெற்றாக வேண்டும் என்ற விதி அதே அறிவிப்பிலேயே இருந்தது.

வன்மம் என்பதும் பொருந்தாது. அந்த ஆண்டு மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலம் நம்முடைய ராயபுரம்தான். தெருமுனையைத் தகரத் தடுப்பால் அடைத்தபோது, அடுத்த தெருக்காரர் உள்ளே வந்தாலே நாமும் முகம் சுளித்தோம். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம் என்பதால், சோதனைச்சாவடியில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி காய்ச்சல் இல்லாத தொற்றாளரை அப்படியே மேலே அனுப்பிவிடும். மூச்சுத்திணறும் நோயாளியோடு வளைந்து வளைந்து மலையிறங்க வேண்டியிருந்தவர்களின் கவலை அதுதான்.