வேடந்தாங்கல் படத்துக்குக் கீழே எழுதியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட வேடந்தாங்கல் படத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்திருப்பீர்கள். அழித்துவிடு என்று தம்பி சொன்னான். அழிக்க மாட்டேன். "வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் ஊர் சுற்றல், சிரிப்பு வேறு" என்று எழுதியவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. அதற்கு லைக் போட்டவர்களில் என் கையால் சாப்பிட்டவர்களும் உண்டு.

ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் வெளியே போனது இதுதான் முதல் தடவையா? வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போனேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்தேன். வங்கியில் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டிக்கொண்டு நின்றபோது, கவுன்டரில் இருந்தவர் அதைப் படிக்காமலே "சார் வரலையா?" என்று கேட்டார். அன்றைக்கெல்லாம் "இந்த நேரத்தில் தனியாகப் போகாதே, நான் துணைக்கு வருகிறேன்" என்று உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. வரிசையில் நின்றால் சரி, ஏரிக்கரையில் நின்றால் தப்பா?

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். நத்தைக்குத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது, நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். வேடந்தாங்கல் போகும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு என் வீட்டுக்காரர் இதைச் சொல்வார். அன்றைக்கு ஒரு சிறுமி, அந்தப் பறவை ஏன் வாயை மூடவே இல்லை என்று கேட்டாள். இவர் சொல்வதை நான் சொன்னேன். பைனாகுலரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதன் வார் இவர் உயரத்துக்கு வைத்தது, நான் இன்னும் மாற்றவில்லை. எனக்கே இடுப்பு வரை தொங்கும், அவளுக்கு முழங்காலில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் அம்மா எடுத்த படம் அது.

"போனது சரி, படம் எதற்கு?" என்பீர்கள். நவம்பரில் மழை பெய்து ஏரி நிரம்பினால் மார்ச்சுக்குள் ஒரு தடவையாவது போய்விடுவோம், வந்ததும் படம் போடுவோம். நீங்கள்தான் இதயம் போட்டீர்கள். அதே ஏரி, அதே நீர்க்கடம்பு மரங்கள், அதே கூடுகள். அவர் மட்டும் இல்லை. அதை நான் யாரிடம் காட்டுவது?

"அக்கறையில்தான் சொன்னோம்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் போய், சிப்பாய்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்கள், கூட்டில் இருப்பவை மிரளும் என்று. பறவைக்காக ஓர் ஊரே சத்தம் போடாமல் இருக்கிறது. எனக்காக உங்களால் ஒரு நாள் சும்மா இருக்க முடியவில்லை.

என் பெரியப்பா மகன், அண்ணி இறந்த மறுமாதமே நண்பர்களோடு குற்றாலம் போனார். "போய்ட்டு வரட்டும், பாவம், மனசு ஆறட்டும்" என்றீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு ஆற வேண்டிய மனசு எனக்கு இல்லையா?

படத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. போன மாதம் வளைகாப்புக்குக் கூப்பிட்டபோது, "நீ சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும்மா" என்றார்கள். நான் தூக்கி வளர்த்த பெண் அவள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயிலுக்குள் கணவனை இழந்த பெண்ணை விடாமல் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அடையாளம் உண்டு, திருமண நிலையை வைத்து அதைப் பறிக்க முடியாது. கோயிலுக்கு நீதிமன்றம் இருக்கிறது. வளைகாப்புக் கூடத்துக்கு நான் எங்கே போய் வழக்குப் போடுவது? வளையல் அடுக்கி முடிக்கும் வரை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, அது யாருக்கும் உறுத்தவும் இல்லை.

சித்தப்பா, பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் பஸ் ஏறியதோடு சரி. அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு உங்களிடமிருந்து ஒரு போன் வரவில்லை. என் நம்பர் மாறவில்லை. இனி என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதில் கூப்பிட்டு என்னிடம் சொல்லுங்கள்.