மரம் போட்ட ஃபோல்டர்

போன வாரம் அக்கா மகன் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சளா இருக்கே மாமா, போரடிக்கலையா?" என்றான். சுருக்கென்றது. ஒரு காலத்தில் என் கம்ப்யூட்டரில் மஞ்சள் ஃபோல்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பயல் போனுக்குள் போய்விட்டான். அவனிடம் சொல்ல முடியாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

2004-இல் வீட்டுக்கு வந்தது ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர். 128 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. நெட் கிடையாது. நெட் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் என்ன செய்வான்? கண்ணில் படுவதையெல்லாம் ரைட் கிளிக் செய்வான். அப்படித்தான் ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' என்ற டேப் மாட்டியது. அதன் அடியில் 'சேஞ்ச் ஐகான்'. அழுத்தினால் பூட்டு, சாவி, நட்சத்திரம், மரம் என்று பக்கவாட்டில் நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருக்கும். 200-க்கும் மேல். எல்லாம் ஷெல்32.டிஎல்எல் என்ற ஒரே ஃபைலுக்குள் குடியிருந்தவை. அது சலித்தால் மோர்ஐகான்ஸ்.டிஎல்எல் இருந்தது. டாஸ் காலத்து புரோகிராம்களின் ஐகான்கள் அதில் பழைய ஆல்பம் மாதிரி கிடக்கும்.

ஐகானை மாற்றியதும் ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்று மறைவாக ஒரு ஃபைல் முளைக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, விண்டோஸ் பயமுறுத்துவதைக் கண்டுகொள்ளாமல் 'யெஸ்' கொடுத்தால் கண்ணில் படும். நோட்பேடில் திறந்தேன். மூன்றே வரி. ஐகான் எந்த ஃபைலில் இருக்கிறது, அதில் எத்தனையாவது. இவ்வளவுதானா! நானே எழுதுவேனே!

ஃபோல்டருக்குள் பின்னணிப் படம் வைப்பதுதான் பெரிய வித்தை. விண்டோஸ் 98-இல் அது மெனுவிலேயே இருந்தது. 'கஸ்டமைஸ் திஸ் ஃபோல்டர்' என்று கொடுத்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். எக்ஸ்பியில் மெனுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், உள்ளே வசதியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். டெஸ்க்டாப்.ஐஎன்ஐ-யில் பிஇ098140 என்று ஆரம்பிக்கும் 32 இலக்க அடையாளம் ஒன்றை எழுதி, கீழே படம் இருக்கும் இடத்தையும் எழுத்தின் நிறத்தையும் கொடுக்க வேண்டும். அந்த அடையாளத்தைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு எழுத்து பிசகினாலும் ஒன்றும் நடக்காது. தப்பு என்றுகூடச் சொல்லாது. கடைசியில் கமாண்ட் பிராம்ப்டில் 'ஆட்ரிப்' போட்டு ஃபோல்டரை சிஸ்டம் ஃபோல்டராக்க வேண்டும். நிறத்தில் இன்னொரு கூத்து. வலைப்பக்கங்களின் நிறக் குறியீட்டில் முதலில் சிவப்பு, கடைசியில் நீலம். இங்கே தலைகீழ். சிவப்பு எழுத்து கேட்டு நீலம் வாங்கிய ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது.

அழகாக இருந்ததா? கண்றாவியாக இருந்தது. சூரியகாந்தித் தோட்டத்தின் மேல் மஞ்சள் எழுத்தில் ஃபைல் பெயர் எப்படித் தெரியும்? அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம் 'சின்னப்பசங்க அலங்காரம்' என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எக்ஸ்பியில் தமிழ் எழுத்து வர வேண்டுமென்றால் ரீஜனல் செட்டிங்கில் போய்த் தனியாக ஒரு டிக் போட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பக்திப் பாட்டு ஃபோல்டருக்கு மர ஐகானைப் போட்டு, "மரத்தை ரெண்டு தடவை தட்டும்மா" என்றேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் பாட்டுப் போட என்னை எழுப்பவில்லை. கல்யாண போட்டோவுக்கு நானே பெயிண்டில் வரைந்த நட்சத்திரம். அப்பாவின் எல்ஐசி கணக்குக்கு அதே மாதிரி வரைந்த பூட்டு. அதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் அலங்காரம் என்று நினைத்துச் செய்தது அம்மாவுக்கு எழுத்தாக இருந்தது.

இதே வாசல் வழியாகத் திருடனும் வந்தான், மறைக்கவில்லை. 98-இன் ஃபோல்டர் அலங்காரத்துக்கான ஃபோல்டர்.எச்டிடி ஃபைலில் புகுந்துகொண்டு 2002-இல் ரெட்லாஃப் வைரஸ் பரவியது. பென் டிரைவ் காலத்தில் 'நியூ ஃபோல்டர்.இஎக்ஸ்இ' வைரஸிடம் ஏமாறாதவர்கள் கையைத் தூக்குங்கள். அசல் மஞ்சள் ஃபோல்டர் வேஷம். தட்டினால், ஓடுகிற புரோகிராமை நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜர் போச்சு. ஆனால் கவனியுங்கள், அது போட்ட வேஷம் மரமோ பூட்டோ இல்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்த அந்த மஞ்சள்தான். எங்கள் வீட்டில் அது உள்ளே நுழைந்த அன்றைக்கே மாட்டியது, "இதென்ன புதுசா வெறும் மஞ்சள்?" என்று அம்மா கேட்டதால்.

2007-இல் விஸ்டா வந்தபோது பின்னணிப் படத்தை உள்ளேயிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஐகான் மாற்றும் வசதி இன்றைக்கு விண்டோஸ் 11-லும் இருக்கிறது, அதே கஸ்டமைஸ் டேப்பில். அப்புறம் ஏன் என் ஃபோல்டர்கள் மஞ்சளாகவே கிடக்கின்றன? சோம்பேறித்தனம்தான். எதையும் தேடு பெட்டியில் பெயர் அடித்தே எடுக்கிறேன். பெயர் அடிக்கத் தெரிந்தவனுக்கு நிறம் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடிக்கத் தெரியாதவர்களைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

மருமகன் கிளப்பிவிட்டதில் பரணிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து யுஎஸ்பி கேபிளில் மாட்டினேன். அப்போது டி டிரைவ், இப்போது ஜி டிரைவ். நான் பெயிண்டில் ராப்பகலாக வரைந்த ஐகான்கள் எல்லாம் டி டிரைவைத் தேடிக் கிடைக்காமல் மஞ்சளாகிவிட்டிருந்தன. சூரியகாந்தியும் இல்லை. ஒன்று மட்டும் மாறவில்லை. அதன் ஐகான் விண்டோஸின் சொந்த ஷெல்32-இலிருந்து எடுத்தது, அதனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அகப்படும். மஞ்சள் வரிசைக்கு நடுவில் ஒற்றை மரம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைக் கேட்காமலே ரெண்டு தடவை தட்டினாள்.