"கையில பத்துத் தாறன்" என்ற பேச்சும் பிள்ளையின் முதல் சம்பளமும்

கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கட தமிழ்க் கடைகளில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேலை பேசுவது அநேகமாக இப்படித்தான் இருக்கும். "அண்ணை, தம்பியை வெள்ளி, சனி அனுப்பிவிடுங்கோ. மணித்தியாலத்துக்குப் பத்துத் தாறன். கையில காசு, ரக்ஸ் (வரி) ஒண்டும் இல்லை." அப்பாவும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். பெடியன் அறைக்குள் இருந்து கேம் அடிக்காமல் நாலு சனத்தோடு பழகுவான், கைச்செலவுக்கும் காசு வரும். பேச்சு முடிந்துவிடும். வேலை செய்யப்போகிற பெடியனை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து டொலர் உதவியும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதுதான் என்னுடைய கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் ஒன்ராறியோ விதிகள். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் உங்கள் மாகாணத்து எண்ணைப் பாருங்கள்.

2025 ஒக்டோபர் 1 முதல் இங்கே பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள மாணவருக்கு 16.60. இந்தக் குறைந்த எண் எல்லா நேரமும் பொருந்தாது. பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில் கிழமைக்கு 28 மணித்தியாலம் அல்லது அதற்குக் குறைவாக வேலை செய்தால், அல்லது விடுமுறைக் காலத்தில் வேலை செய்தால்தான் மாணவர் சம்பளம். பள்ளிக்கூட நாட்களில் 28ஐத் தாண்டினால் 17.60. பதினெட்டாவது பிறந்தநாள் வந்தாலும் 17.60. அதனால்தான் பதினெட்டுக்குக் கீழே உள்ள மாணவரின் பிறந்த திகதியை முதலாளி பதிவில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிறந்தநாள் போய் மாதக்கணக்காகியும் பழைய சம்பளத்திலேயே வேலை செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் எண் மாறும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அந்த ஒரு டொலர் வித்தியாசமே நியாயமில்லை என்று நினைப்பவன் நான். இருபது கிலோ அரிசி மூட்டை பதினாறு வயதுப் பிள்ளை தூக்கினால் பாரம் குறையுமா? பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதல் வேலைக்காரருக்கு என்று 6 டொலர் பயிற்சிச் சம்பளம் ஒன்று இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டார்கள். கடைகள் ஒன்றும் இடிந்து விழவில்லை. சரி, அது அரசியல். இருக்கிற சட்டத்துக்கு வருவோம்.

ஒரு பிள்ளை ரேக்-அவுட் கடையில் வெள்ளி பின்னேரம் 5 மணி முதல் 9 வரை, சனி 10 முதல் 6 வரை நிற்கிறது என்று வையுங்கள். தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்குவதற்கு முன் அரை மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை கொடுக்கவேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. ஆக 4உம் ஏழரையும், மொத்தம் பதினொன்றரை. 16.60 வீதம் 190.90 டொலர். இதற்கு மேல் நாலு வீதம் வெக்கேஷன் பே (விடுமுறைக் கொடுப்பனவு), 7.64. மொத்தம் 198.54. இதில் வெட்டப்படுவது ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதி மட்டும்தான். 2025இல் அது நூறு டொலருக்கு 1.64. கணக்குப்படி 3.26 போக, கைக்கு வருவது 195.28.

சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியக் கட்டணம் பதினெட்டு வயதில்தான் தொடங்குகிறது, அதனால் அது இல்லை. வருமான வரியும் இல்லை. வருடம் முழுக்க இப்படியே வேலை செய்தாலும் 10,300 டொலர் அளவில்தான் வரும். 2025இல் மத்திய அரசின் அடிப்படை விலக்கு 16,129, ஒன்ராறியோவின் விலக்கு 12,747. வேலையில் சேரும்போது ரிடி1 (TD1) என்ற வரிவிலக்குப் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தால் வரி வெட்டவே மாட்டார்கள். தவறி வெட்டினாலும், வரிப் பத்திரம் போட்டால் திரும்பி வரும்.

இனி "ரக்ஸ் ஒண்டும் இல்லை" என்ற பேச்சைப் பாருங்கள். பிள்ளைக்கு முதலே இல்லாத வரியைத்தான் மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கையில் கிடைப்பது 115 டொலர். கிழமைக்கு 80 டொலர் குறைவு. நாற்பது கிழமைக்கு 3,200. அதோடு, சம்பளத்தைக் கணக்கில் காட்டி, வரிப் பத்திரமும் போட்டால் அந்த வருமானத்தின் 18 வீதத்துக்குப் பிள்ளையின் பெயரில் ஆர்.ஆர்.எஸ்.பி. (வரிச்சலுகையுள்ள ஓய்வுகாலச் சேமிப்பு) இடமும் சேரும். பதினைந்து வயதில் அதைப்பற்றி எவரும் யோசிப்பதில்லை, ஆனால் சும்மா வருவதை விடுவானேன்.

"கட்டுப்படியாகாது" என்கிற முதலாளிமாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவருக்கு முதலாளியும் சி.பி.பி. கட்டத் தேவையில்லை. ஈ.ஐ.யில் அவருடைய பங்கு தொழிலாளியின் பங்கைப்போல் 1.4 மடங்கு, மேலே சொன்ன சம்பளத்துக்குக் கிழமைக்கு ஏறக்குறைய நாலரை டொலர். டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலைத்தல விபத்துக் காப்புறுதிக் கட்டணம் அதோடு கொஞ்சம். முறையாகக் கொடுத்த சம்பளத்தை வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். கள்ளமாகக் கையில் கொடுத்ததைக் கழிக்க முடியாது. அப்படியும் கையில் கொடுப்பதுதான் லாபம் என்று தோன்றினால், விற்பனையிலும் ஏதோ ஒளிகிறது என்று அர்த்தம். அந்த விளையாட்டுக்குள் பிள்ளைகளை இழுக்காதேயுங்கோ.

சம்பளத்தைவிட எனக்குப் பயம் தருவது எண்ணெய்ச் சட்டிதான். பதினாலு வயதில் கடையில் சாமான் அடுக்கலாம், காசு எடுக்கலாம், சாப்பாடு பரிமாறலாம். சமையலறைக்குள் வேலை செய்யப் பதினைந்து ஆகவேண்டும். பலசரக்குக் கடையில் இறைச்சி, மரக்கறி வெட்டித் தயாரிக்கும் பகுதிக்கும், சாமான் இறக்கும் பின்பக்கத்துக்கும், வெயார் ஹவுசுக்கும் அதே பதினைந்துதான். கட்டிட வேலைக்குப் பதினாறு. எங்கட கடைகளில் நடப்பது என்ன? கவுண்டரில் நிற்கவென்று எடுத்த பதினாலு வயதுப் பிள்ளை, சனிக்கிழமை நெருக்கடியில் "ஒருக்கா உள்ளுக்கு வந்து ரோல்ஸ் பொரிச்சு விடு" என்பதில் சட்டிக்கு முன்னால் நிற்கும். எண்ணெய் தெறித்தால்? முதலாளி பதிந்திருக்காவிட்டாலும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. அந்தத் தொழிலாளியைக் கைவிடாது. ஆனால் அங்கே வேலை செய்தேன் என்று காட்டச் சம்பளச் சீட்டும் இல்லை, வங்கிக் கணக்கில் ஒரு வரியும் இல்லை என்றால் அலைச்சல் பிள்ளைக்கும் பெற்றோருக்கும்தான். அவசர சிகிச்சையில் "வீட்டில் சுட்டது" என்று சொல்லச்சொல்லி யாராவது கேட்டால், அதற்குமேல் அந்தக் கடையோடு உறவு வேண்டாம்.

அடுத்தது ட்ரெயினிங். "முதல் ரெண்டு கிழமை பழகட்டும், பிறகு பாப்பம்" என்பது எங்கட ஆட்களின் செல்ல வசனம். வேலை பழக்குகிற நேரமும் வேலை நேரம்தான். சோதித்துப் பார்க்கும் ட்ரையல் ஷிப்டுக்கும் சம்பளம் உண்டு என்பதை 2024 திருத்தத்தில் இன்னும் வெளிச்சமாகவே எழுதிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடிய வாடிக்கையாளரின் பில்லைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டக்கூடாது என்பதும் அதே திருத்தத்தில் இருக்கிறது.

இதைவிடக் கெட்டித்தனமான ஒன்று, "சம்பளம் இல்லை, ஆனா நாப்பது மணித்தியாலத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தாறன்" என்பது. ஹைஸ்கூல் முடிக்கப் பிள்ளைக்கு நாற்பது மணித்தியாலச் சமூக சேவை வேண்டும், உண்மை. ஆனால் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்விக்கிற வேலை அந்தக் கணக்கில் சேராது. கடையில் பெட்டி அடுக்குவது சமூக சேவை ஆகாது. பள்ளிக்கூடம் ஒழுங்குசெய்யும் கோ-ஒப் வேலைப் பயிற்சி வேறு, அதற்குத் தனி விதி.

பார்ட்டி ஹோல்களில் மொத்தமாகப் பேசுவது வழக்கம். "ஒரு ஈவ்னிங்குக்கு எண்பது." கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். நாலு மணிக்கு மேசை போடத் தொடங்கி, பன்னிரண்டரைக்குக் கதிரை மடித்து முடிக்க எட்டரை மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் போக எட்டு. 16.60 வீதம் 132.80 வரவேண்டும். எண்பது என்றால் திரும்பவும் அதே பத்து டொலர்தான். பிள்ளை பதினெட்டு ஆகாதவர் என்றால் மது பரிமாற விடக்கூடாது. வீட்டுக்கு யார் கூட்டிவருவது என்பதையும் போகுமுன்னே கேட்டுவிடுங்கள், அந்த நேரத்து பஸ்ஸை நம்பி இருக்கமுடியாது.

இன்னொரு கண்ணி: "பதினேழு தாறன், எல்லாம் அடக்கம்." குறைந்தபட்சத்தைவிட நாற்பது சதம் கூட என்று பிள்ளை சந்தோஷப்படும். 16.60இன் நாலு வீதம் 66 சதம். சேர்த்தால் 17.26. பதினேழு அதற்கும் குறைவு. வெக்கேஷன் பேயை ஒவ்வொரு சம்பளத்தோடும் கொடுக்கலாம், ஆனால் அதற்கு எழுத்தில் சம்மதம் வேண்டும், சம்பளச் சீட்டில் தனி வரியாகவும் காட்டவேண்டும்.

பெரிய வெள்ளி போன்ற பொது விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்து கடை பூட்டியிருந்தாலும், அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. முந்தைய நாலு வேலைக் கிழமைகளின் சம்பளத்தையும் வெக்கேஷன் பேயையும் கூட்டி இருபதால் பிரிக்கவேண்டும். மேலே சொன்ன பிள்ளைக்கு அது 39.71. ஒரு நிபந்தனை, விடுமுறைக்கு முதலும் பிறகும் போட்டிருந்த ஷிப்டுகளைத் தக்க காரணம் இல்லாமல் தவறவிடக்கூடாது.

இனிச் சில்லறையாகக் கரைவது. ஒன்பதுக்கு முடியும் ஷிப்டில் ஒன்பதுக்கு யாரும் வெளிக்கிடுவதில்லை. தட்டுக் கழுவி, நிலம் துடைத்து, குப்பை எறிந்துவிட்டு வர ஒன்பது நாற்பது. அந்த நாற்பது நிமிடத்துக்கு 11 டொலர் 7 சதம். கல்லாப்பெட்டியில் காசு குறைந்தால் பிள்ளையின் சம்பளத்தில் பிடிப்பது இன்னொன்று. அந்தப் பெட்டியைப் பிள்ளை மட்டுமே கையாண்டிருந்து, எவ்வளவு பிடிப்பது என்று எழுத்தில் சம்மதமும் கொடுத்திருந்தால் ஒழியப் பிடிக்கமுடியாது. மாமியும் அண்ணாவும் முதலாளியும் மாறி மாறித் திறக்கிற பெட்டிக்குப் பிள்ளை பொறுப்பில்லை.

பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை? முதலாளியை "அங்கிள்" என்று கூப்பிடுகிறார்கள், அதனால்தான். அப்பாவின் ஊரவர், கோயிலில் காண்கிறவர், பிறந்தநாளுக்கு வந்தவர். அவரிடம் சம்பளம் கேட்பது மரியாதைக்குறைவு என்று நாங்களே பழக்கி வைத்திருக்கிறோம். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு மெசேஜில் முடிக்கவேண்டும். அதைப் பிள்ளை எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "அங்கிள், வெள்ளி 5–9, சனி 10–6. மணித்தியாலத்துக்கு 16.60, வெக்கேஷன் பே ஒவ்வொரு சம்பளத்தோடும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா என்ர பாங்க் எக்கவுண்டுக்கு. சரிதானே?" ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்றுதான். "ஓம்" என்று பதில் வந்தால் அதுவே ஆதாரம். பதில் வராமல் அப்பாவுக்கு அழைப்பு வந்தால், அந்தக் கடை எப்படிப்பட்டது என்று வேலைக்குப் போகாமலே தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கவேண்டும். அம்மாவின் கணக்கில் போடுவது சட்டப்படி சரியில்லை. வேலைக்கும் வரிக்கும் தேவையான சின் (SIN) நம்பரைப் பன்னிரண்டு வயதிலிருந்தே பிள்ளை தானாக விண்ணப்பித்து எடுக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாமல் நேரில் கொடுங்கள். சின் கேட்காத முதலாளி பிள்ளையைக் கணக்கில் பதியப்போவதில்லை. பெப்ரவரி முடிவதற்குள் ரி4 என்ற வருடச் சம்பளப் பத்திரம் வரவேண்டும். இடையில் பிள்ளை தன் தொலைபேசியில் திகதி, தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம் நாலையும் அன்றன்றே குறித்துவைக்கட்டும். சுவரில் ஒட்டிய ஷிப்ட் அட்டவணையையும் ஒரு படம் எடுக்கட்டும், பிறகு அது மாறும்.

சொந்தக் கடை வைத்திருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிள்ளைக்கு உண்மையாகவே சம்பளம் கொடுத்து, அது வேறு ஆள் வைத்துச் செய்விக்கவேண்டிய வேலையாகவும், சம்பளம் வயதுக்கும் வேலைக்கும் ஏற்றதாகவும் இருந்தால், அதைச் செலவாகக் கழிக்க வருமான வரித் திணைக்களம் விடுகிறது. காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுத்த தடயம் வேண்டும். "சாப்பாடு போடுறன், போன் பில் கட்டுறன்" என்பது சம்பளம் ஆகாது.

பக்கத்து வீட்டுப் பனி வழிப்பதெல்லாம் தனி வகை. அங்கே மணிக்கணக்கு வேண்டாம், ஒருமுறைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பனி விழுந்து முடிந்தபின் மாநகரசபை வண்டி வந்து வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் கட்டிப்பனியும் சேர்த்தா இல்லையா, உப்பு யாருடையது, இரண்டையும் முதலே கேட்கவேண்டும். சண்டை வருவது அந்தக் கட்டிப்பனியில்தான்.

முன்னமே கொடுபடாத சம்பளம் இருந்தால், பிள்ளை வேலையை விட்டபிறகும் கேட்கலாம். முதலில் குறித்துவைத்த நேரங்களையும் வரவேண்டிய தொகையையும் எழுதி முதலாளிக்கு அனுப்புங்கள். நிறையப் பேர் அந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மாகாணத் தொழில் அமைச்சுக்கு இணையத்தில் முறைப்பாடு செய்யலாம். வக்கீல் தேவையில்லை. முறைப்பாடு செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் குற்றம். சம்பளம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்யவேண்டும். போன கோடைக்கு முந்தின கோடையில் வேலை செய்த பிள்ளை வீட்டில் இருந்தால், திகதியை இப்பவே பாருங்கோ.