சர்ஜ் புரொடெக்டர் இருந்தால் எர்த் வேண்டாமா?

மொட்டைமாடி வைஃபை ஆன்டெனாவுக்கு சர்ஜ் புரொடெக்டர் மாட்டினால் போதும், எர்த் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அந்தச் சின்னப் பெட்டி மின்னலை விழுங்கிவிடாது. கேபிளில் பாய்ந்து வரும் மின்சாரத்தைத் தன் எர்த் கம்பி வழியாகத் தரைக்குத் தள்ளும், அவ்வளவுதான். அதன் எர்த் திருகில் கம்பியே இல்லையென்றால் எங்கே தள்ளும்? ரௌட்டருக்குத்தான் போகும். நேராக இடி விழக்கூட வேண்டாம், பக்கத்து வயலில் விழுந்தாலே கேபிளில் மின்சாரம் எகிறும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வயல் நடுவே இருக்கும் வீட்டில் ஆன்டெனாவைத் தாங்கும் இரும்புப் பைப்தான் பல நேரம் உயரமான பொருள்.

பைப், புரொடெக்டர் இரண்டிலிருந்தும் தடிமனான செம்புக் கம்பியைச் சுருட்டாமல், முடிந்தவரை குறுகிய வழியில், மண்ணில் அடித்த எர்த் ராடுக்கு (உலோகக் கம்பிக்கு) இறக்குங்கள். புதிதாக ராடு அடித்தால் அதை வீட்டு மெயின் எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் அவற்றுக்கிடையே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும், நடுவில் சிக்குவது உங்கள் கருவிகள்.

அப்புறம், ஈபி லைன். பைப் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். பைப் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஈபி கம்பங்களையே சாய்த்துப் போட்ட ஊர் இது.