3 விழுக்காட்டுக் கோழி

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விரதம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் போனால் சைவக் கடையில் ‘சைவ மட்டன்’ கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அதில் ஆடு இருக்குமோ என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதனால், தாவரத்தில் செய்ததை ‘இறைச்சி’ என்று விற்றால் மக்கள் ஏமாந்துவிடுவார்கள் என்று யாராவது கூச்சல் போட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என் கவலை வேறு. 2024 மே மாதம் இங்கே ஹூபர்ஸ் இறைச்சிக் கடையில் ஆய்வகக் கோழி, அதாவது கோழியை அறுக்காமல் அதன் செல்லை (உயிரணுவை) வளர்த்து எடுத்த இறைச்சி, சில்லறை விற்பனைக்கு வந்தது. 120 கிராம் பாக்கெட் 7 வெள்ளி 20 காசு. பெயர் ‘குட் மீட் 3’. கோழியின் செல்லை வளர்த்து எடுத்தது அதில் வெறும் 3 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதி தாவரப் புரதம். கோழிக்கறி தின்ன ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு அந்த 3 ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கோ அந்த 3 போதும், தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார்.

பாக்கெட்டில் ‘வளர்க்கப்பட்டது’ என்று தெரியும்படி போட வேண்டும், உணவகத்தில் பரிமாறினாலும் சொல்லிவிட்டுத்தான் தர வேண்டும் என்கிறது சிங்கப்பூர் உணவு அமைப்பு. நல்ல விதி. அமெரிக்காவில் 2023இல் ‘செல் வளர்ப்புக் கோழி’ என்று லேபிள் ஒட்டி விற்க அனுமதித்தார்கள். அடுத்த வருடமே ஃபுளோரிடா மாநிலம் விற்கவே கூடாது என்று தடை போட்டது. அதற்கு நம் வழி எவ்வளவோ மேல்.

ஆனால் ‘வளர்க்கப்பட்டது’ என்றால் எதைக் கொடுத்து வளர்த்தது? 2020இல் உலகிலேயே முதல்முறையாக இங்கே அனுமதி கிடைத்தபோது, அந்தக் கோழிச் செல்லை வளர்த்த ஊட்டக் கரைசலில் பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்கிற திரவம் இருந்தது. கொஞ்சம்தான், விற்கும் முன் பெரும்பாலும் நீக்கவும் செய்தார்கள் என்பார்கள். சரி, ஆனால் சீரமே இல்லாத கரைசலுக்கு 2023இல்தான் அனுமதி வந்தது. கோழி சாப்பிடுவேன், மாடு தொடமாட்டேன் என்கிற எத்தனை வீடு நம்மிடம்! செல் எந்தப் பிராணியுடையது, கூட என்ன சேர்ந்தது என்பதைப் பொறுத்தே ஹலால் என்று 2024 பிப்ரவரியில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, சொன்னது. பக்கத்து வீட்டு பாய்க்கும் இதே கேள்விதான்.

எத்தனை விழுக்காடு, எந்தப் பிராணியின் செல், எதில் வளர்ந்தது. இந்த மூன்றையும் பெயர் இருக்கிற அதே பக்கத்தில், அம்மா கண்ணாடி தேடாமல் படிக்கிற அளவு எழுத்தில் போடட்டும்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன்.

“கோழிய அறுக்கலயா?”

“இல்லம்மா, செல்லு மட்டும்தான்.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எதுக்கும் சனிக்கிழமையே சாப்பிட்டுப் பாக்குறேன்.”