எட்டு நிமிடத்துக்கு ஒரு ‘தவறு’

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்களுக்கும் அந்த நாற்பது நொடி வீடியோ வந்து சேர்ந்திருக்கும். சிரிப்புச் சத்தம் வரும் இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வடிவேலு முகத்தை வேறு ஒட்டியிருக்கிறார். அந்த முகத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் வழுக்கைத் தலை என்னுடையது.

சிரித்ததற்காக இதை எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.) பேச்சாளர் சொன்ன ஒரே ஒரு வரிக்காக எழுதுகிறேன். “அமெரிக்கா செய்தவை தவறுகள். மற்ற வல்லரசுகள் செய்தவை குற்றங்கள்.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். நான் எழுந்து, “லாவோஸில் நடந்தது இந்த ரெண்டுல எதுல சேரும்?” என்று கேட்டேன். அதற்கு நம் நெறியாளர் தம்பி, “லாவோஸா? சார் டூர் போயிட்டு வந்திருக்கார் போல” என்றார். அரங்கமே சிரித்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

டூர் போகவில்லை, தம்பி. வேலைக்குப் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

வியட்நாம் போர்க் காலம், 1964-லிருந்து 1973 வரை ஒன்பது வருடம். ஏறக்குறைய 5,80,000 தடவை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பக்கத்து நாடான லாவோஸ் மேல் பறந்திருக்கின்றன. ஒன்பது வருடத்துக்கு எத்தனை நிமிடம் என்று பெருக்கி, வகுத்துப் பாருங்கள். இரவு பகல் பாராமல், ஞாயிறு பண்டிகை பாராமல், எட்டு நிமிடத்துக்கு ஒன்று. மொத்தம் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி, ஜப்பான் இரண்டின் மீதும் சேர்த்து அமெரிக்கா போட்டதைவிட இது அதிகம் என்று சொன்னது எந்தக் கம்யூனிஸ்டும் அல்ல, ஒபாமா. அப்போது லாவோஸ் ஜனத்தொகை முப்பது லட்சம்கூட இல்லை. அமெரிக்கா அவர்கள்மேல் போர் அறிவிக்கவும் இல்லை. 1962-இல் ஜெனீவாவில் ‘லாவோஸ் நடுநிலை நாடு’ என்று எழுதிய ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்தே போட்டிருந்தது. வட வியட்நாமும் போட்டது, அவர்களும் மீறினார்கள், தெற்கு வியட்நாமுக்கு அவர்கள் ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை அந்த மண் வழியாகத்தான் போனது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் வட வியட்நாம் மீறியதற்கு லாவோஸ் விவசாயியின் எருமை என்ன செய்தது?

இன்னொன்று. வியட்நாமில் இலக்கு கிடைக்காமல் தாய்லாந்துத் தளங்களுக்குத் திரும்பும் விமானங்கள், குண்டோடு தரையிறங்குவது ஆபத்து என்பதால், வழியில் லாவோஸ் மேல் அதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கின்றன. நம் தெருவில் சில பேர் குப்பைப் பையைப் பக்கத்துக் காலி மனையில் வீசிவிட்டுப் போவார்களே, அது மாதிரி.

இப்போது சொல்லுங்கள், இது தவறா? தவறு என்றால் என்ன? உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால் தவறு. செக்கில் தேதி மாற்றி எழுதினால் தவறு. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்பது வருடம் ஒருவன் தவறு செய்வானா?

சரி, வேலை. 2012-இல் ஏழு மாதம் சியெங் குவாங் மாகாணத்தில் மின்கோபுரம் போடும் ஒரு கம்பெனியில் சைட் இன்ஜினியர். நம் ஊரில் டவர் போடப் போனால் பட்டாதாரர் மறிப்பார், கோயில் நிலம் என்பார்கள், தாசில்தார் ஆபீஸுக்கு அலைய வேண்டும். அங்கே யாரும் மறிக்கவில்லை. மண்ணே மறித்தது. ஒவ்வொரு டவர் குழிக்கும் முன்னால் வெடிகுண்டு அகற்றும் குழு வந்து அடி அடியாகக் கருவி வைத்துத் தேடி, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடப்பாரையைத் தொடலாம். குழி தோண்ட அரை நாள் என்றால் அதற்கு முந்தைய வேலை சில இடங்களில் மூன்று நாள்.

டிசம்பரில் அந்த மேட்டுநிலத்தில் குளிர் பல்லை ஆட்டும். ஒரு காலை, சைட்டுக்குப் பக்கத்தில் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர் காய்ந்தேன். எங்கள் டிரைவர் ஓடிவந்து செருப்புக் காலாலேயே தீயை உதைத்துக் கலைத்தார். எனக்குத் தெரிந்த லாவோ மொழி இருபது வார்த்தை, அதில் ஒன்றுகூட அவர் பேசியதில் இல்லை. ஆனாலும் திட்டு என்று புரிந்தது. மத்தியானம் மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறு சாப்பிடும்போது மேஸ்திரி விளக்கினார்: அங்கே புதிதாக ஓர் இடத்தில் தரைமேல் தீ மூட்டக் கூடாது. கீழே ஏதாவது கிடந்து சூடேறினால் வெடிக்கும். அடுப்பு மூட்டி அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

வானத்தில் திறந்து சின்னக் குண்டுகளைச் சிதறடிக்கும் கொத்துக்குண்டின் உள்ளே இருக்கும் டென்னிஸ் பந்து அளவு உருண்டைகளை அவர்கள் ‘பாம்பி’ என்கிறார்கள். தமிழில் எழுதினால் பாம்பு மாதிரியே இருக்கிறது, பொருத்தம்தான். அந்த மாதிரி 27 கோடி விழுந்ததாகக் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெடிக்கவில்லை. அதாவது எட்டுக் கோடி. போர் முடிந்த பிறகு மட்டும் செத்தவர்களும் ஊனமானவர்களுமாக 20,000 பேருக்கு மேல். நம் டிரைவருக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. 1979-இல் போனதாம். அதாவது குண்டுவீச்சு நின்று ஆறு வருடம் கழித்து. அவருக்கு அப்போது ஒன்பது வயது. கூட இருந்த தம்பி பிழைக்கவில்லை. இதையும் மேஸ்திரிதான் சொன்னார், அவர் சொல்லவில்லை.

இதை நான் மைக்கில் சொல்ல நினைத்தேன். “டூர்” என்று முடித்துவிட்டார்கள்.

இனி கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். ஏற்கெனவே இன்பாக்ஸில் வந்தும்விட்டது.

“உக்ரைனைப் பத்தி இப்படி எழுதினீங்களா சார்?” எழுதினேன். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி இதே பக்கத்தில். பின்னால் போய்ப் பாருங்கள், பதினோரு லைக். சோவியத் படை நுழைந்த ஹங்கேரி 1956 குற்றம். பிராக் 1968 குற்றம். ஆப்கானிஸ்தான் 1979 குற்றம். உக்ரைனில் புச்சா படுகொலை குற்றம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போதுமா? இப்போது நீங்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். லாவோஸ்? இங்கே மட்டும் ஏன் நாக்கு ‘தவறு’ என்று வழுக்குகிறது? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தப் பழமொழியைப் பட்டிமன்றத்தில் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்களே.

“அமெரிக்காவே தன் தப்பை வெளியே கொண்டு வருது, அந்த நேர்மை வேற யாருக்கு இருக்கு?” இது நியாயமான கேள்வி. வியட்நாமில் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று சொந்தப் படையே ஊரைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹெலிகாப்டரை நடுவில் இறக்கி மக்களைக் காப்பாற்றிய ஹியூ தாம்ப்ஸனும் அமெரிக்கர்தான். அதை உலகத்துக்குச் சொன்ன பத்திரிகையாளரும் அமெரிக்கர். மாஸ்கோவிலோ பெய்ஜிங்கிலோ அது நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த தாம்ப்ஸன் செய்ததை உள்ளபடி ஒப்புக்கொண்டு பதக்கம் கொடுக்க முப்பது வருடம் ஆனது. அதுவரை கொலை மிரட்டல். தண்டனை பெற்றது ஒரே ஓர் அதிகாரி, ஆயுள் தண்டனை என்றார்கள், மூன்று வருடச் சொச்சம் பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே கழிந்தது. வெளியே கொண்டு வந்தார்கள், சரி. அதற்குப் பிறகு?

காபூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 29. ட்ரோன் தாக்குதலில் ஒரே வீட்டு வாசலில் பத்துப் பேர், அதில் ஏழு குழந்தைகள். முதலில் ‘நியாயமான தாக்குதல்’ என்றார் ராணுவத் தலைமைத் தளபதி. காரில் இருந்தது வெடிமருந்து அல்ல, தண்ணீர் கேன் என்று பத்திரிகைகள் நிரூபித்த பிறகு ‘தவறு’ என்றார்கள். டிசம்பரில், யாருக்கும் தண்டனை இல்லை என்றார்கள். பார்த்தீர்களா அந்தச் சொல் எங்கே வந்து நிற்கிறது என்று? 1988-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர், அதில் 66 குழந்தைகள். அதுவும் தவறுதான். அந்தக் கப்பலின் கேப்டனுக்குப் பிறகு பதக்கமும் கிடைத்தது.

“இந்தியாவே கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலையே?” போடவில்லை. ரஷ்யா, சீனா, அமெரிக்கா யாருமே போடவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தது.

“ஐபோன்ல டைப் பண்ணிக்கிட்டு அமெரிக்காவைத் திட்டறீங்க.” என்னுடையது ரெட்மி.

“குவைத்தை மறந்துட்டீங்களா?” இதைக் கேட்டது வெளியாள் இல்லை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா மகன். மறக்கவில்லை, தம்பி. 1990 ஆகஸ்டில் சதாம் படை உள்ளே வந்தபோது உன் அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து அம்மான் போய், ஏர் இந்தியாவில் பம்பாய் வந்து இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு கைலியும் பாஸ்போர்ட்டும். அடுத்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்கப் படை குவைத்தை மீட்டது, 1992-இல் சித்தப்பா திரும்பப் போனார். அந்தப் பணத்தில் உன் படிப்பு, எங்கள் அக்கா கல்யாணம் எல்லாம். சாகும்வரை அமெரிக்காவை ஒரு வார்த்தை சொல்ல விட்டதில்லை. அவர் முன்னால் நானும் சொன்னதில்லை. அவர் சோற்றில் கை வைத்தவன் நான்.

ஆனால் 2003 பிப்ரவரியில், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி, ஐ.நா. சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியதை அவரோடு உட்கார்ந்துதான் டிவியில் பார்த்தேன். “அவன்கிட்ட இருக்குடா, எனக்குத் தெரியும்” என்றார் சித்தப்பா. இல்லை. ஈராக்கைப் புரட்டிப் போட்டும் அந்த ஆயுதம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் செய்தியில் ஈராக் வந்தால் அவர் சேனலை மாற்றிவிடுவார். நானும் கேட்டதில்லை. இதை நீ குரூப்பில் பார்சல் கட்டி என்மேல் வீசுவாய் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கோபத்தில் எங்கேயோ போகிறேன். லாவோஸ்.

2016 செப்டம்பரில் ஒபாமா லாவோஸ் தலைநகர் வியன்டியேன் வந்தார். பதவியில் இருக்கும்போது அங்கே வந்த முதல் அமெரிக்க அதிபர். தார்மீகக் கடமை இருக்கிறது என்றார், குண்டு அகற்ற மூன்று வருடத்தில் 9 கோடி டாலர் என்றார். நல்லது, அந்தப் பணத்தில் பல உயிர் பிழைத்திருக்கும். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. ஏழே வருடத்தில், 2023 ஜூலையில், கொத்துக்குண்டுகளை உக்ரைனுக்கு அனுப்பினார்கள். ரஷ்யா ஏற்கெனவே அங்கே போட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆமாம், தெரியும், தட்டச்ச வேண்டாம். இருபது வருடம் கழித்து அந்த வயலில் கோதுமை விதைப்பவனுக்கு, காலடியில் கிடப்பது யாருடையது என்று பார்த்தா வெடிக்கும்?

நெறியாளர் தம்பிக்கு ஒரு வார்த்தை. உனக்கு முதல் கவிதைக் கூட்டம் நடத்த என் வீட்டு மாடியைக் கொடுத்தேன். சொல்லிக்காட்டவில்லை. நேற்று போன் செய்து “சும்மா ஜாலிக்கு சொன்னேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்னத் தவறு” என்றாய் பார், அந்த வார்த்தையை அந்த நேரத்தில் நீ சொல்லியிருக்க வேண்டாம்.

சியெங் குவாங்கில் நாபியா என்று ஒரு கிராமம். குண்டிலிருந்து கிடைக்கும் அலுமினியத்தை உருக்கி, மர அச்சில் ஊற்றிக் கரண்டி செய்வார்கள். கிளம்பும்போது அந்த டிரைவர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். எடையே இருக்காது, காகிதம் மாதிரி. சனிக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன், கேள்விக்குப் பிறகு எடுத்துக் காட்டலாம் என்று. முதல் கமெண்டில் படம் போட்டிருக்கிறேன்.