எள்ளு விதையிலேயே எதிர்ப்பு வேணும்

மியான்மரிலிருந்து ஜப்பானுக்கு நாம் அனுப்பிய கறுப்பு எள்ளு திரும்பி வந்தால் ஜப்பான்காரன் கெடுபிடி என்று பேசுகிறோம். 2006 மே மாதத்திலிருந்து அவர்கள் சட்டம் தெளிவாகத்தான் இருக்கு: தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்து 0.01 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 0.01 பங்கு) தாண்டினால் சரக்கு உள்ளே போகாது. அந்த மருந்தை அடிக்க வைக்கும் புழுவைப் பற்றி யாங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் யார் பேசுகிறோம்?

சில வருஷம் முன்பு மச்சானோடு மாக்வே பக்கம் ஒரு எள்ளு வயலில் நின்றேன். கொழுந்துகள் நூலால் தைத்த மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தால் உள்ளே புழு, சுற்றிலும் எச்சம். இலைப்பிணைப்புழு. குருத்தைத் தின்னும், பூவைத் தின்னும், காய் பிடித்தால் துளைத்து எள்ளையும் தின்னும். மடிந்த இலைக்குள் குடியிருப்பதால் தெளிக்கும் மருந்து சரியாகப் படாது. சாகவில்லையே என்று மறுபடி அடிக்கிறார்கள்.

"புட்டியில என்ன எழுதியிருக்கு மச்சான்?"

"தாய்லாந்து எழுத்து மாப்ள. கடைக்காரர் சொன்ன அளவுதான்."

செடியே புழுவைத் தாங்கும்படி விதை உருவாக்கலாம். பூச்சி விரும்பாத செடி, தின்ற புழு தேறாத செடி, கடிபட்டும் காய்க்கும் செடி என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951-லேயே வகுத்துவிட்டார். நிலக்கடலையில் ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஐசிஜிவி 86031 என்ற ரகம் வெட்டுப்புழுவுக்கு ஈடுகொடுக்கிறது. எள்ளில் வேலை கடினம். செசாமம் அலாட்டம் என்ற காட்டு எள்ளுக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் குணம் உண்டு. அதற்கும் நம் எள்ளுக்கும் குரோமோசோம் 26தான். ஆனாலும் இரண்டையும் கலந்தால் விதை ஒழுங்காகப் பிடிப்பதில்லை, கருவைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருக்கு. அதற்குப் பணமும் வருஷங்களும் வேணும், கொடுத்தே ஆகணும்.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றில். புது ரகம் என்றாலே ஏக்கருக்கு எத்தனை கூடை என்றுதான் கேட்கிறோம். மருந்தடித்துக் காப்பாற்றிய பாத்தியில் எல்லாச் செடியும் நல்ல செடிதான்! எதிர்ப்பு உள்ளதைக் கண்டுபிடிக்க மருந்தடிக்காத பாத்தி வேணும், அங்கே புழுவும் வரணும். அப்படித் தேறும் ரகத்தில் புழுவே இருக்காது என்று சொல்லவில்லை. இரண்டு தெளிப்பு குறைந்தாலே குத்தகைக்காரருக்குக் கடன் குறையும், எள்ளில் மருந்து எச்சமும் குறையும்.

நேப்பிடோ பக்கத்து யேசினில் அரசின் வேளாண் ஆராய்ச்சித் துறையும் விதை வங்கியும் இருக்கு. கமிஷன் கடை வைத்திருக்கும் நம்மவர்களே, சரக்கு வாங்கும்போது மருந்தடிக்காமலே தப்பித்த வயல் எது என்று கேளுங்கள். அந்த எள்ளை மூட்டையில் கலக்காமல் அரை வீசை தனியாகக் கட்டி, ஊர் பெயரும் விதைத்த மாதமும் எழுதி அங்கே அனுப்புங்கள். தற்செயலாகத் தப்பித்ததா, செடியின் குணமே அதுவா என்று அவர்கள் சோதிக்கட்டும்.